எச்.ஓ.ஏ. போர்டில் எத்தனை பேர்? மூன்றா, ஆறா, பதினொன்றா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

டெக்சஸில், டல்லஸுக்கு வடக்கே உள்ள ஒரு புறநகரிலிருந்து எழுதுகிறார் வாசகி. அவருடைய குடியிருப்பில் 240 தனி வீடுகள். இரண்டு கட்டங்களாகக் கட்டியவை, தெருக்கள் பதினொன்று. நீச்சல் குளம், நடைபாதை, மழைநீர் தேங்கும் குளம் ஆகியவை பொதுச் சொத்து. வீட்டு உரிமையாளர் சங்கமான எச்.ஓ.ஏ.வின் நிர்வாகக் குழுவில், அதாவது போர்டில், இப்போது மூன்று பேர். இருவர் பில்டரின் ஆட்கள். ஒருவரை வீட்டுக்காரர்கள் தேர்ந்தெடுத்தார்கள், அவருக்கு இன்னும் ஓராண்டு பாக்கி. வரும் ஆண்டுக் கூட்டத்தோடு பில்டர் முழுவதுமாக விலகுகிறார். சங்கத்தின் உள்விதிகளான பைலாவில் "மூன்றுக்குக் குறையாமல், பதினொன்றுக்கு மிகாமல், போர்டு தீர்மானிக்கும் எண்ணிக்கை" என்று இருக்கிறது.

வாட்ஸ்அப் குழுவில் ஒரு தரப்பு தெருவுக்கு ஒருவராகப் பதினொரு பேர் கேட்கிறது. இன்னொரு தரப்பு மூன்றே போதும், வேலை வேகமாக நடக்கும் என்கிறது. சமாதானமாக, கட்டத்துக்கு மூன்று பேர் வீதம் ஆறு என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். மொழிவாரியாக இடம் பிரிக்கலாம் என்றும் ஒரு யோசனை வந்திருக்கிறது. ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பது சட்டம் என்று வாசகி கேள்விப்பட்டிருக்கிறார். எண்ணிக்கையை மாற்ற 67 சதவீத வீட்டுக்காரர்களின் வாக்கு வேண்டும் என்று மேனேஜ்மென்ட் கம்பெனியில் சொன்னார்களாம். வாசகியும் அவர் கணவரும் இருவருமே தேர்தலில் நிற்க விரும்புகிறார்கள். "எத்தனை பேர் சரி? நாங்கள் இருவரும் நிற்கலாமா?" என்று கேட்கிறார்.

வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் குடியிருப்புக்கு ஐந்து பேர் போதும். அந்த ஐந்தையும் "மூன்று முதல் பதினொன்று வரை" என்று நெகிழ விடாமல், பைலாவில் ஒரே எண்ணாக எழுதி வையுங்கள். ஏன் என்று சொல்வதற்கு முன், கேள்விப்பட்ட சில விஷயங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது.

ஒற்றைப்படை என்று சட்டம் எதுவும் இல்லை. பெரும்பாலான எச்.ஓ.ஏ.க்களைப் போல உங்களுடையதும் லாப நோக்கமற்ற கார்ப்பரேஷனாகப் பதிவாகியிருந்தால், டெக்சஸ் வணிக அமைப்புகள் சட்டத்தின் 22ஆம் அத்தியாயம் அதற்குப் பொருந்தும். அது கேட்பது ஒன்றுதான்: குறைந்தது மூன்று பேர். மேல் வரம்பு கிடையாது. வீடுகளின் எண்ணிக்கைக்கு இத்தனை பேர் என்ற கணக்கும் கிடையாது.

67 சதவீதம் என்பதும் பாதி உண்மைதான். சொத்துச் சட்டத்தின் 209ஆம் அத்தியாயத்தில் அந்த எண் வருவது டிக்ளரேஷனைத் திருத்துவதற்கு. அதாவது நீங்கள் வீடு வாங்கும்போது கையில் கொடுத்த, குடியிருப்பின் கட்டுப்பாடுகளைச் சொல்லும் சி.சி.ஆர். ஆவணம். டிக்ளரேஷனே அதைவிடக் குறைந்த சதவீதம் சொல்லியிருந்தால் அதுவே செல்லும். போர்டின் எண்ணிக்கை டிக்ளரேஷனில் எழுதப்பட்டிருந்தால்தான் அந்தப் பெரிய வாக்கெடுப்பு தேவை. உங்களுக்கு அது பைலாவில் இருக்கிறது. ஆகவே பைலாவின் திருத்தப் பிரிவு என்ன சொல்கிறதோ அதுதான் வழி. ஆனாலும் டிக்ளரேஷனையும் பதிவுச் சான்றிதழையும் ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள். மூன்றிலும் எண்ணிக்கை வெவ்வேறாக இருப்பதைப் பில்டர் தயாரித்த ஆவணங்களில் அடிக்கடி பார்க்கலாம். டிக்ளரேஷனோடு பைலா முரண்பட்டால் பைலா நிற்காது. எல்லாத் திருத்தங்களோடும் சேர்த்து இவை கவுண்டி கிளார்க் அலுவலகத்தின் சொத்துப் பதிவேட்டில் கிடைக்கும்.

கோரம்: முடிவு செய்ய வேண்டிய கணக்கு இதுதான்

வாட்ஸ்அப் விவாதம் முழுவதும் யார் யாருக்குப் பிரதிநிதித்துவம் என்பதைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் போர்டு முடங்குவது பெரும்பாலும் கோரம், அதாவது கூட்டத்துக்குக் குறைந்தது வர வேண்டிய எண்ணிக்கை, இல்லாமல்தான். இதைப் பலர் யோசிப்பதில்லை, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் பைலாவில் நிர்ணயித்த எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்டோர் வந்திருக்க வேண்டும். மூன்று பேர் போர்டுக்கு இரண்டு, ஐந்துக்கு மூன்று, ஏழுக்கு நான்கு, பதினொன்றுக்கு ஆறு. கவனிக்க வேண்டியது, இந்தக் கணக்கு நிர்ணயித்த இடங்களை வைத்துப் போடுவது, நிரம்பிய இடங்களை வைத்து அல்ல. பதினொன்று என்று எழுதிவிட்டு நான்கு இடங்களுக்கு ஆளே நிற்கவில்லை என்று வையுங்கள். போர்டில் இருப்பது ஏழு பேர், ஆனால் கோரம் அப்போதும் ஆறுதான். ஒருவர் டிசம்பரில் இந்தியா போய்விட்டார், இன்னொருவர் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அன்று கூட்டம் இல்லை. கூட்டம் இல்லையென்றால் பட்ஜெட் இல்லை, குளத்துப் பராமரிப்பு ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படாது.

எண்ணிக்கையைப் பதினொன்றாக வைத்துக்கொண்டு கோரத்தை மட்டும் குறைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். சட்டம் அதற்கு இடம் தருகிறது. பைலாவில் மூன்று வரை குறைத்து எழுதலாம். ஆனால் வந்திருப்பவர்களில் பெரும்பான்மை சொல்வதே போர்டின் முடிவு. மூன்று பேர் வந்த கூட்டத்தில் இரண்டு பேர் கை தூக்கினால் பதினொரு பேர் போர்டின் முடிவாகிவிடும். தெருவுக்கு ஒருவர் வேண்டும் என்று தொடங்கியவர்கள் விரும்பியது நிச்சயம் இதுவாக இருக்காது.

தனக்குப் பதிலாக வாக்களிக்க இன்னொருவரை நியமிக்கும் பிராக்ஸியும் இங்கே கைகொடுக்காது. போர்டு உறுப்பினர் ஒருவர் பிராக்ஸி மூலம் வாக்களிக்கப் பைலா அனுமதித்தாலும் கோரத்துக்கு அவரைக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆனால் தொலைபேசியிலோ வீடியோவிலோ சேரலாம். உறுப்பினர்கள் எல்லோரும் ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்க முடிய வேண்டும், ரகசிய அமர்வைத் தவிர மற்ற நேரங்களில் வீட்டுக்காரர்களும் கேட்க முடிய வேண்டும். குளிர்காலத்தில் டல்லஸில் இரவு ஏழு மணி என்றால் சென்னையில் மறுநாள் காலை ஆறரை. விடுமுறையில் ஊருக்குப் போனவரும் கலந்துகொள்ளக் கூடிய நேரம்தான் அது.

மூன்று ஏன் போதாது?

மூன்று பேர் போர்டு வேகமாக நடக்கும் என்பது உண்மை. சிக்கலும் அந்த வேகத்திலேயே இருக்கிறது. இரண்டு பேர் ஒத்துப்போனால் மூன்றாமவர் வெறும் பார்வையாளர். ஒருவர் வீடு விற்றுப் போய்விட்டால், மீதி இருவரும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்தே ஆக வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒத்துப்போயே ஆக வேண்டும்.

சட்டப்படி தலைவரும் செயலாளரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. பொருளாளரையும் சேர்த்தால் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு பதவி. சந்தா பாக்கி வைத்தவர்களின் விசாரணை, பில்டரிடமிருந்து கணக்குகளைப் பெறுவது, குளத்தின் கரையைச் சரிபார்க்கப் பொறியாளரை அமர்த்துவது என்று முதல் இரண்டு வருடங்களில் வரும் வேலை மிக அதிகம். மூன்று பேர் அதில் களைத்துப் போவார்கள். களைத்தவர்கள் விலகுவார்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. மூவரில் இருவர் தொலைபேசியில் பேசி ஒரு முடிவை எடுத்துவிட்டால், அதுவே கோரம் நிறைந்த போர்டு நடவடிக்கை ஆகிவிடுகிறது. வழக்கமான போர்டு கூட்டத்துக்கு 144 மணி நேரம், சிறப்புக் கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பாக வீட்டுக்காரர்களுக்கு அறிவிப்பு போக வேண்டும். சில்லறை விஷயங்களைக் கூட்டத்துக்கு வெளியே, மின்னஞ்சலிலோ தொலைபேசியிலோ முடிவு செய்யலாம். அப்போதும் போர்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் கருத்துச் சொல்லவும் வாக்களிக்கவும் நியாயமான வாய்ப்பு தர வேண்டும், அடுத்த கூட்டத்தில் வாய்மொழியாகச் சொல்லிக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். சந்தாவை உயர்த்துவது, ஆண்டு பட்ஜெட்டை ஏற்பது, பைலாவைத் திருத்துவது, காலியிடத்தை நிரப்புவது ஆகியவற்றை அப்படிச் செய்யவே முடியாது. மூன்று பேர் போர்டில் இந்தக் கோட்டைத் தெரியாமல் தாண்டுவது மிக எளிது.

பதினொன்றும், தெருவுக்கு ஒருவரும்

தெருவுக்கு ஒருவர் என்ற ஆசை புரிகிறது. பில்டர் ஆட்கள் முடிவு செய்து வந்த இடத்தில், இனி எங்கள் தெருவின் குரலும் கேட்க வேண்டும் என்று நினைப்பதில் தவறில்லை. ஆனால் போர்டு உறுப்பினர் சட்டப்படி கடமைப்பட்டிருப்பது சங்கம் முழுவதற்கும். தன் தெருவுக்கு அல்ல. நல்லெண்ணத்தோடும் உரிய கவனத்தோடும் சங்கத்தின் நலனுக்கு ஏற்றது என்று தான் நம்பும்படி அவர் நடக்க வேண்டும். தன் தெருவில் விளக்கு வர வேண்டும் என்பதற்காக மட்டும் ஒருவர் வாக்களித்தால் அந்தக் கடமையை மீறுகிறார்.

தவிர, எட்டு வீட்டுத் தெருவுக்கும் நாற்பது வீட்டுத் தெருவுக்கும் ஒரே ஓர் இடம் என்பது நியாயமாகத் தெரியவில்லை. எட்டு வீட்டுத் தெருவில் யாரும் முன்வராவிட்டால் அந்த இடம் காலி. மேலும், வீட்டு உரிமையாளர் ஒருவர் போர்டுக்கு நிற்கும் உரிமையைக் கட்டுப்படுத்தும் விதி செல்லாது என்று 209ஆம் அத்தியாயம் பொதுவாகச் சொல்கிறது. "இந்த இடத்துக்கு இந்தத் தெருக்காரர் மட்டுமே நிற்கலாம்" என்று எழுதினால் அதனோடு மோதக்கூடும்.

மொழிவாரி இடம் என்ற யோசனையை இப்போதே கைவிடச் சொல்லுங்கள். 1968ஆம் ஆண்டின் மத்திய நியாய வீட்டுவசதிச் சட்டம் இனம், நிறம், மதம், பூர்விக நாடு ஆகியவற்றின் பெயரால் குடியிருப்பு விஷயத்தில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. மொழிவாரியாகப் பிரிப்பது பூர்விக நாட்டின் பெயரால் பிரிப்பதாகப் பார்க்கப்படலாம். நல்லெண்ணத்தில் செய்தாலும், அப்படி ஒரு பங்கீட்டைப் பைலாவிலோ குறிப்பேட்டிலோ எழுதிவைத்தால் சங்கத்துக்கு எதிரான சாட்சியத்தைச் சங்கமே தயாரித்துத் தருவதாகும்.

பெரிய போர்டுக்கு எதிராக இன்னொரு காரணம் உண்டு. இதை யாரும் முதலில் கவனிப்பதில்லை. நாற்பது மனைகளுக்கு மேல் உள்ள சங்கத்தில், போர்டு உறுப்பினரோ அவருடைய கணவன் மனைவியோ அவர் வீட்டில் வசிப்பவரோ கட்டட மாற்றங்களுக்கு அனுமதி தரும் குழுவில் இருக்க முடியாது. வேலி, கூரை, சோலார் தகடு எல்லாவற்றுக்கும் மனு போடுகிறோமே, அந்தக் குழு. அதற்கு மூன்று பேர் என்று வைத்தால், பதினொரு பேர் போர்டுக்கு மொத்தம் 14 வீடுகளிலிருந்து ஆள் வேண்டும். ஐந்து பேர் போர்டுக்கு எட்டு வீடுகள் போதும். மாலை நேரத்தையும் சனிக்கிழமையையும் கொடுக்கத் தயாரானவர்கள் 240 வீடுகளில் எத்தனை பேர் என்று நேர்மையாக எண்ணிப் பாருங்கள். நிற்க விருப்பம் உள்ளவர்கள் பெயரை எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டுவதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வரும் பெயர்களில் பாதிக்கு மேல் இடங்களை உருவாக்காதீர்கள். அப்போதுதான் தேர்தலில் போட்டி இருக்கும், யாராவது விலகினாலும் மாற்று ஆள் இருக்கும்.

குரல் வேண்டுமென்றால் அதற்குக் கமிட்டிகள் இருக்கின்றன. குளம், தோட்டம், நிதி என்று ஆலோசனைக் கமிட்டிகளை வைத்து, தெருவுக்கு ஒரு தொடர்பாளரையும் நியமியுங்கள். வாக்கு போர்டிடம் இருக்கட்டும். தகவலும் புகாரும் பரிந்துரையும் கமிட்டி வழியாக வரட்டும். அதற்குக் கோரமும் வேண்டாம், பைலாத் திருத்தமும் வேண்டாம்.

ஆறு

கட்டத்துக்கு மூன்று பேர் என்றால், முதல் கட்டத்துக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை நிரந்தரமாக்குகிறீர்கள். மூன்றுக்கு மூன்று என்று வாக்கு விழுந்தால் தீர்மானம் தோற்றது என்று பொருள். பைலாவில் தனியாகச் சொல்லாதவரை தலைவருக்கு இரண்டாவது வாக்கு கிடையாது. கோரமும் நான்கு, ஏழு பேர் போர்டுக்கும் அதே நான்குதான். ஒற்றைப்படை எண்ணும் முழுப் பாதுகாப்பு அல்ல. ஐவரில் ஒருவர் வராவிட்டால் இரண்டுக்கு இரண்டு வரலாம். ஆனால் அது எப்போதாவது வரும். ஆறில் எல்லோரும் வந்தாலே வரும்.

பொதுவாக, ஐம்பது வீடுகளுக்குள் மூன்று, முந்நூறு வரை ஐந்து, அதற்கு மேல் ஏழு என்பது என் கணிப்பு. இது சட்டம் அல்ல. குளமும் கிளப் ஹவுஸும் சொந்த ஊழியர்களும் உள்ள இடத்தில் சற்றுக் கூடலாம். சந்தேகம் வந்தால் சிறிய எண்ணிலேயே தொடங்குங்கள். பின்னால் கூட்டுவது எளிது. குறைத்தாலோ, பதவியில் இருப்பவரின் காலத்தை அது சுருக்காது. அவர் காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

பில்டர் போவதற்குள் செய்ய வேண்டியவை

பைலா "போர்டு தீர்மானிக்கும்" என்று சொல்வதால், ஐந்து என்று இப்போதைய போர்டே தீர்மானம் போட முடியும். முறையான அறிவிப்புடன் கூடிய கூட்டத்தில் அதை நிறைவேற்றித் தரும்படி பில்டரிடம் எழுத்தில் கேளுங்கள். கூடுதல் இடங்களைப் போர்டே ஆள் நியமித்து நிரப்ப விடாதீர்கள். ராஜினாமா, மரணம், உடல் இயலாமை ஆகிய காரணங்களால் வந்த காலியிடத்தை மட்டுமே போர்டு நியமனத்தால் நிரப்பலாம். புதிதாக உருவான இடத்துக்குத் தேர்தல்தான். அதே காரணத்தால், பில்டர் ஆட்கள் இருவரின் ராஜினாமாவும் ஆண்டுக் கூட்டத்தன்று அமலுக்கு வரும்படி இருக்கட்டும். முன்னதாகவே விலகினால், மிஞ்சும் ஒருவர் தனக்குத் தெரிந்த இருவரை உட்கார வைத்துவிட்டார் என்ற பேச்சோடு உங்கள் புதிய சங்கம் தொடங்கும்.

தேர்தல் கூட்டத்துக்கான அறிவிப்பு 60 நாளுக்கு முந்தியும் இருக்கக் கூடாது, 10 நாளுக்குள் சுருங்கவும் கூடாது. உங்களுக்கு நூறு மனைகளுக்கு மேல் இருப்பதால், வாக்குச்சீட்டு அனுப்புவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பாக வேட்பாளர் பெயர்களைக் கேட்டுத் தனி அறிவிப்பு போக வேண்டும். பெயர் கொடுக்கும் கடைசித் தேதியும் அந்த அறிவிப்பிலிருந்து 10 நாளுக்கு முன்னால் வரக் கூடாது. இந்த ஒரு படியைத் தவறவிட்டுத் தேர்தலையே மறுபடி நடத்த நேர்வதுண்டு.

ஏற்கெனவே தேர்ந்தெடுத்தவருக்கு ஓராண்டு பாக்கி இருப்பதால் உங்கள் தேர்தல் நான்கு இடங்களுக்குத்தான், ஐந்துக்கு அல்ல. பதவிக்காலம் இரண்டு ஆண்டு என்று வைத்து, அதிக வாக்கு பெறும் மூவருக்கு இரண்டு ஆண்டும், நான்காமவருக்கு ஓராண்டும் கொடுங்கள். அடுத்த ஆண்டு இரண்டு இடம், அதற்கடுத்த ஆண்டு மூன்று இடம் என்று மாறி மாறி வரும். போர்டு மொத்தமாக மாறி, வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடக்கூட ஆளில்லாத நிலை வராது.

அதன் பிறகு, அந்த ஐந்தைப் பைலாவிலேயே நிலைப்படுத்துங்கள். எண்ணிக்கையைப் போர்டு விருப்பத்துக்கு விட்டால், தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு தமக்குப் பிடிக்காத வேட்பாளரை வெளியே நிறுத்த இடங்களைக் குறைக்கவும், தோற்றவரை உள்ளே கொண்டுவர இடங்களைக் கூட்டவும் வழி திறந்தே இருக்கும். வாசகத்தை உள்ளூர் எச்.ஓ.ஏ. வழக்கறிஞர் ஒருவர் எழுதட்டும், பொருள் இப்படி இருக்கட்டும்: "போர்டில் ஐந்து பேர். பதவிக்காலம் இரண்டு ஆண்டு, மாறி மாறி மூன்று இடங்களுக்கும் இரண்டு இடங்களுக்கும் தேர்தல். இந்தப் பிரிவை உறுப்பினர்கள் வாக்களித்து மட்டுமே திருத்தலாம். போர்டு திருத்த முடியாது." கடைசி வாக்கியம் முக்கியம். பல சங்கங்களில் பைலாவைத் திருத்தும் அதிகாரம் போர்டிடமே இருக்கும். உறுப்பினர்கள் இந்தப் பிரிவை வாக்களித்து ஏற்கும்போதே வெளிப்படையாகத் தடுத்தால்தான் அது நிற்கும். திருத்தத்தைக் கவுண்டி பதிவேட்டில் பதிந்த பிறகே அதற்கு உயிர் வரும். பதியாமல் மேனேஜ்மென்ட் கம்பெனியின் கோப்பில் கிடந்தால் பயனில்லை.

நீங்களும் கணவரும்

இருவரும் ஒரே நேரத்தில் போர்டில் இருக்க முடியாது. ஒரே வீட்டில் வசிக்கும் இருவர் ஒரே போர்டில் இருக்கக் கூடாது என்று டெக்சஸ் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. இதற்குப் பத்து வீடுகளுக்குக் குறைந்த சங்கங்களுக்கும், பில்டர் கட்டிக்கொண்டிருக்கும் காலத்துக்கும் மட்டுமே விலக்கு. பில்டர் விலகிய பின் உங்களுக்கு இரண்டும் பொருந்தாது. ஒருவர் மட்டும் நில்லுங்கள். அவர் வென்றால் மற்றவர் கட்டட அனுமதிக் குழுவிலும் இருக்க முடியாது என்பதை இப்போதே மனதில் வையுங்கள். நிதிக் கமிட்டிக்கோ குளம் கமிட்டிக்கோ அந்தத் தடை இல்லை. உங்களில் கணக்கு வழக்கில் தேர்ந்தவர் யாரோ, அவர் நிதிக் கமிட்டியில் சேர்ந்து பில்டர் ஒப்படைக்கும் வங்கி அறிக்கைகளையும் ஒப்பந்தங்களையும் முதல் மாதத்திலேயே உட்கார்ந்து சரிபார்த்தால், புதிய போர்டுக்கு அது பெரிய உதவி.